பார்வை வராத ஆபரேஷன்

மதுரைப் பக்கம் 'கண் ஆபரேஷன்' என்று சொன்னால் எல்லோர் மனசிலும் ஒரே படம்தான் ஓடும். ஊருக்குள் முகாம் போடுவார்கள். டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மறுநாள் கட்டை அவிழ்த்ததும் அப்பத்தா பேரனின் முகத்தைப் பார்த்து, "ஏண்டா இப்படிக் கறுத்துப் போயிட்ட?" என்று கேட்பாள். சுபம்.

இந்தப் படத்தை நம் மனசில் ஓட்டியவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தவர். 2006-ல் அவர் மறைந்தபோது, உலகத்தின் மேலாண்மைக் கல்லூரிகள் மதுரையைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தன. 1992-ல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை உள்ளூரிலேயே செய்து, ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம். நானும் பெருமைப்படுகிறேன்.

ஆனால், ஒரு வெற்றி கொஞ்சம் அதிகமாகிவிட்டால் அதற்கும் ஒரு விலை உண்டு. கண்புரை ஆபரேஷனின் வெற்றி நம் ஜனங்களுக்கு ஒரு பாடத்தை அழுத்தமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டது. 'கண்ணில் கத்தி வைத்தால் பார்வை வரும்.' வந்தால் நல்ல டாக்டர். வராவிட்டால் கெடுத்துவிட்டார்கள்.

இந்தப் பாடத்தோடு ஒருவர் க்ளாக்கோமா ஆபரேஷனுக்குப் போனால் என்ன ஆகும்?

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள். "என்னத்த ஆபரேசன் பண்ணாய்ங்க? முன்னாடி தெரிஞ்ச அளவுக்குக்கூட இப்பத் தெரியல. ரெண்டு மாசம் அலையவிட்டதுதான் மிச்சம்" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டரும் தப்புச் செய்திருக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு வாக்கியம் சொல்லப்படாமல் விட்டுப்போயிருக்கிறது. 'ஐயா, இந்த ஆபரேஷன்ல உங்களுக்குப் போன பார்வை திரும்பி வராது. இருக்கிறது போகாம இருக்கத்தான் இது.'

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த வாரம் சண்டை போடப் போகிறேன்.

*

முதலில், இது என்ன வியாதி என்று தெரிந்துகொள்வோம். ஊரில் 'கண்ணுல பிரஷர்' என்கிறார்கள். ஆஸ்பத்திரி போர்டில் 'கண் நீர் அழுத்த நோய்' என்று எழுதியிருக்கும். ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேனே, போதாதா என்று கேட்காதீர்கள். போதாது.

நம்மூர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரத்து ஒரு பக்கம், மடை ஒரு பக்கம். வரத்து நிற்காமல் இருந்து மடை அடைத்துக்கொண்டால் நீர் ஏறும். கரையில் பலவீனமான இடம் எதுவோ அது முதலில் அரிக்கும். கண்ணுக்குள்ளும் ஒரு நீர் இடைவிடாமல் ஊறி, ஒரு சல்லடை வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. வடிவது குறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கண்ணில் பலவீனமான இடம், பின்னால் மூளைக்குப் போகும் பார்வை நரம்பு. சுமார் பத்துப் பன்னிரண்டு லட்சம் இழைகள் சேர்ந்த ஒரு கயிறு அது. இழை இழையாக அறுகிறது. அறுந்த இழையை மறுபடி முடிய உலகத்தில் இன்றுவரை எந்த டாக்டராலும் முடியாது.

கொடுமை என்னவென்றால், இது ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. நேரே பார்ப்பது கடைசிவரை தெரியும். பேப்பர் படிக்கலாம், பஸ் நம்பர் தெரியும். பக்கத்தில் வரும் ஆட்டோ தெரியாது. வாசல்படி தெரியாது. "வயசாயிருச்சு, தடுமாறுறாரு" என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலான வகையில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது. திருடன் பின்பக்கமாக வந்து ஒவ்வொரு சாமானாக எடுத்துக்கொண்டு போகிறான். நாம் முன்வாசலைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

எத்தனை பேருக்கு இருக்கிறது? அரவிந்த் டாக்டர்கள் தென் மாவட்டங்கள் மூன்றில், 40 வயதைத் தாண்டிய 5,150 கிராமத்துக்காரர்களைப் பரிசோதித்தார்கள். முடிவு 2003-ல் வெளியானது. நூறில் 2.6 பேருக்கு ஏதோ ஒரு வகை க்ளாக்கோமா. அதில் அதிகம் காணப்படும் வகையை மட்டும் எடுத்துக்கொண்டால், நோய் இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. ஐந்தில் ஒருவருக்கு ஏற்கெனவே ஒரு கண்ணோ இரண்டு கண்ணுமோ போயிருந்தது.

உலகப் புகழ் பெற்ற கண் ஆஸ்பத்திரி இருக்கிற சீமையில் இந்த நிலைமை. ஆஸ்பத்திரி இல்லாத சீமைகளைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

*

இப்போது ஆபரேஷனுக்கு வருவோம். 'ட்ரபெகுலெக்டமி' என்று வாயில் நுழையாத பெயர். 1968-ல் இங்கிலாந்தில் கெய்ர்ன்ஸ் என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார். அரை நூற்றாண்டு தாண்டியும் இன்றைக்கும் உலகம் முழுக்க இதுதான் அடிப்படை ஆபரேஷன். செய்வது இதுதான். மேல் இமைக்கு அடியில், கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு சின்னக் கதவு மாதிரி வெட்டி, அதன் கீழே ஒரு துளை போடுகிறார்கள். அடைத்துக்கொண்ட மடைக்குப் பதிலாகப் புதிதாக ஒரு கலுங்கு. அதிகப்படி நீர் அதன் வழியாகக் கசிந்து, மேல்தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கொப்புளமாகத் தேங்கி, உடம்போடு கலந்துவிடும்.

கலுங்கு கட்டத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். ரொம்பத் தாழ்வாகக் கட்டினால் கண்மாயில் தண்ணீர் நிற்காது. ரொம்ப உயர்த்திக் கட்டினால் கட்டியும் பிரயோஜனம் இல்லை. சரியாகக் கட்டினாலும் வண்டல் வந்து மூடும். கண்ணிலும் அதே மூன்று பிரச்னைதான். நீர் அதிகமாக வடிந்தால் அழுத்தம் கீழே போய்ப் பார்வை மங்கும். குறைவாக வடிந்தால் பழைய கதை. உடம்பு தன் வழக்கப்படி காயத்தை ஆற்றி, தழும்பால் துளையை மூடப் பார்க்கும். உடம்புக்கு அது காயம். டாக்டருக்கு அது வாசல். இந்தச் சண்டையில் டாக்டர் ஜெயிப்பதற்காக 'மைட்டோமைசின்' என்ற மருந்தைத் தொட்டு வைக்கிறார்கள். அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு வாரா வாரம் வரச் சொல்கிறார்கள். தையலைக் கொஞ்சம் தளர்த்துவார்கள், சில சமயம் ஊசி போடுவார்கள். அலையவிடுவதற்காக இல்லை. இந்த ஆபரேஷனில் பாதி வேலை அந்த வாரங்களில்தான் நடக்கிறது.

நான் காமர்ஸ் படித்தவன். எதையும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினால்தான் எனக்குப் புரியும். எழுதிப் பார்க்கிறேன்.

வரவுப் பத்தி. அழுத்தம் நன்றாக இறங்கும். சொட்டு மருந்தை விட அதிகமாக, நாள் முழுக்க ஒரே சீராக. பலருக்கு மருந்தே வேண்டாம் என்று ஆகும், சிலருக்குக் குறையும். நரம்பு அறுவது நிற்கும் அல்லது மெதுவாகும். இவ்வளவுதான் வரவு. 'பார்வை கூடும்' என்ற ஒரு வரி இதில் இல்லவே இல்லை.

செலவுப் பத்தி கொஞ்சம் நீளம். முதல் சில வாரங்கள் பார்வை மங்கலாக இருக்கும். கண்புரை இல்லாதவருக்குச் சீக்கிரம் வரும், இருப்பவருக்கு வேகமாக முற்றும். கண்ணுக்குள் ரத்தக் கசிவு, அழுத்தம் ரொம்ப இறங்குவது, கொப்புளம் கசிவது எல்லாம் சாத்தியம். அந்தக் கொப்புளத்தில் எத்தனை வருஷம் கழித்தும் கிருமி புகலாம். ஜப்பானில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்களை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்ததில், நூறுக்கு இரண்டு கண்ணில் இப்படி ஆனது. வயலில் குனிந்து வேலை பார்ப்பவர், தூசியில் கட்டட வேலை பார்ப்பவர் எல்லாம் இதை ஆயுசுக்கும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால் அன்றைக்கே பஸ் ஏற வேண்டும். 'திங்கக்கிழமை பார்த்துக்கலாம்' என்று இருந்தால் கண் போய்விடும்.

இன்னொன்று. நரம்பு கிட்டத்தட்ட முழுக்க அறுந்து, நடுவில் சின்னத் தீவு மாதிரி பார்வை மிச்சம் இருப்பவர்களுக்கு, ஆபரேஷனிலேயே அந்தத் தீவும் முழுகிப்போகிற ஆபத்து உண்டு. அபூர்வம்தான். ஆனால் ஒரு கண் ஏற்கெனவே போய், மிச்சமிருக்கும் ஒற்றைக் கண்ணோடு வருகிறவருக்கு 'அபூர்வம்' என்ற வார்த்தை எந்த ஆறுதலும் தராது.

இதெல்லாம் தாண்டி, துளை மூடிக்கொண்டு மறுபடி ஆபரேஷன் வேண்டியும் வரலாம். அமெரிக்காவில் ஏற்கெனவே கண் ஆபரேஷன் நடந்தவர்களின் 212 கண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த ஆபரேஷனும் மறுபாதிக்கு ஒரு குழாய் பொருத்தும் ஆபரேஷனும் செய்தார்கள். ஐந்து வருஷத்தில் இந்த ஆபரேஷன் 'தோல்வி' என்று எழுதப்பட்டது 46.9 சதவீதம். குழாயில் 29.8. இந்தக் குழாய் வெளிநாட்டிலிருந்து வரும்போது நம்மவர்களுக்குக் கட்டுப்படியாகாத விலை. 2013-ல் ஆரோலேப் அதே மாதிரி ஒன்றை மதுரையிலேயே செய்து, அதில் ஒரு சின்னப் பகுதி விலைக்கு விட்டது. கண்புரை லென்ஸின் அதே கதை. ஆனால் அந்தக் கதை ஊருக்குத் தெரிந்த அளவு இந்தக் கதை தெரியவில்லை. குழாய் வைத்து யாருக்கும் புதிதாகப் பார்வை வரவில்லையே, எப்படித் தெரியும்?

*

இந்த இரண்டு பத்தியையும் படித்துவிட்டு, "ஐயையோ, ஆபரேஷனே வேண்டாம்பா" என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பப் போகிறீர்கள் என்று தெரியும். இருங்கள். அங்கேதான் என் சண்டை.

காமர்ஸில் முதல் வருஷமே ஒரு விதி சொல்லிக் கொடுப்பார்கள். வரப்போகும் லாபத்தைக் கணக்கில் எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. நாம் கண் விஷயத்தில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஆபரேஷனில் என்ன கெடும் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன கெடும் என்று ஒருத்தரிடமும் கேட்பதில்லை. சும்மா இருப்பது இலவசம் என்று நினைக்கிறோம். சும்மா இருப்பதற்குத்தான் விலை அதிகம். அந்த பில் வருவதற்கு அஞ்சு வருஷம், பத்து வருஷம் ஆகும், அவ்வளவுதான். வரும்போது கையில் காசு கேட்காது, கண்ணைக் கேட்கும்.

"சொட்டு மருந்து போட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்?" சரி, அதையும் எழுதிப் பார்ப்போம். சொட்டு மருந்து நல்ல மருந்துதான். பெரும்பாலோருக்கு அதுதான் முதல் சிகிச்சை. பலருக்கு ஆயுசு முழுக்க அதுவே போதும். கத்தி வேண்டியதே இல்லை. ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது. நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மாவால் மாதா மாதம், வருஷம் முழுக்க, சாகும்வரை வாங்க முடியுமா? கை நடுங்கும் பெரியவர் போட்ட சொட்டு கண்ணில் விழுந்ததா, கன்னத்தில் விழுந்ததா? பரவலாகத் தரப்படும் டிமோலால் என்ற மருந்து ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அதை யாராவது கேட்டுவிட்டுக் கொடுத்தார்களா? 'போட்டாலும் ஒண்ணும் தெரியல, போடலேன்னாலும் ஒண்ணும் தெரியல' என்று மூன்றாம் மாதம் நிறுத்தியவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மருந்து சீட்டில் இருக்கிற சிகிச்சை வேறு, கண்ணில் நடக்கிற சிகிச்சை வேறு.

நடுவில் லேசர் என்று ஒரு வழியும் இருக்கிறது. பொதுவான வகையில், நோய் அவ்வளவு முற்றாதவர்கள் 718 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. முதலிலேயே லேசர் கொடுத்தவர்களில் நாலில் மூன்று பேர் மூன்று வருஷம் வரை சொட்டு மருந்தே இல்லாமல் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். கத்தியும் இல்லை, தினசரி மருந்தும் இல்லை. உங்களுக்கு அது பொருந்துமா? எனக்குத் தெரியாது. உங்கள் டாக்டருக்குத் தெரியும். நீங்கள் கேட்டீர்களா?

நோய் முற்றி வருகிறவர்கள் கதை வேறு. அதே இங்கிலாந்தில் 453 பேர், எல்லோரும் முற்றிய நிலையில் முதல்முறையாக வந்தவர்கள். பாதிப் பேருக்கு நேரே ஆபரேஷன். மீதிப் பேருக்கு முதலில் சொட்டு மருந்து. 2021-ல் வந்த முடிவு இது. இரண்டு வருஷத்தில் ஆபரேஷன் பக்கம் சராசரி அழுத்தம் 12.4, மருந்துப் பக்கம் 15.1. அன்றாட வாழ்க்கையில் வித்தியாசம் தெரியவில்லை. தீவிரமான சிக்கல்கள் இரண்டு பக்கமும் அபூர்வம். பிறகு வந்த ஐந்து வருஷ முடிவில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பார்வைப் பரப்பு இழப்பு குறைவு. அதாவது, 'முதலில் மருந்து, கடைசியில் கத்தி' என்ற பழைய வரிசை, முற்றி வந்தவர்களுக்குச் சரிதானா என்ற கேள்வி பலமாக எழுந்துவிட்டது.

"அது வெள்ளைக்காரன் ஊர் சார்" என்பீர்கள். நியாயம். அங்கே ஆஸ்பத்திரி இலவசம், மருந்து ஏறக்குறைய இலவசம், கூப்பிட்ட நாளைக்கு ஆள் வருவார். அங்கேயே ஐந்து வருஷத்தில் மருந்து பின்தங்கியது என்றால், வாடிப்பட்டியிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கு மருந்து என்ன பாடுபடும்? இன்னொரு பக்கமும் யோசியுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வாரா வாரம் வர முடியாதவருக்கு ஆபரேஷனும் பாதி ஆபரேஷன்தான். ஆகவே தராசு ஆளுக்கு ஆள் மாறும். வயசு, நோயின் கட்டம், இன்னொரு கண்ணின் நிலைமை, வீட்டில் மருந்து போட்டுவிட ஆள் இருக்கிறதா, பஸ் வசதி, இது எல்லாமே எடைக்கற்கள்.

*

அப்படியானால் தராசை யார் பிடிப்பது? என் கோபம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் வீடுகளில் மகன் பிடிக்கிறான். "அப்பாவுக்கு எழுபது ஆச்சு. இந்த வயசுல எதுக்கு டாக்டர் கத்தி எல்லாம்?" அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். காது நன்றாகக் கேட்கிறது. அவரை ஒரு வார்த்தை யாரும் கேட்பதில்லை. எண்பத்தைந்து வயசு வரை அவர் இருப்பார், ஐயா. பதினைந்து வருஷம் கக்கூஸுக்கு யாராவது கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். பெரும்பாலும் அந்த 'யாராவது' உங்கள் மனைவி. அவரையும் நீங்கள் கேட்கவில்லை. பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். 'அம்மா எங்க போகப் போறா, வீட்லதானே இருக்கா' என்கிறீர்கள். வீட்டில்தான் அடுப்பும் கிணறும் படிக்கட்டும் இருக்கின்றன.

வீட்டை விட்டால் டாக்டர் பிடிக்கிறார். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவர். அவருக்கு எல்லாம் தெரியும். சொல்ல நேரம் இல்லை. "பிரஷர் கன்ட்ரோல் ஆகல, ஆபரேஷன் பண்ணிடலாம், கவுன்ட்டர்ல தேதி வாங்கிக்கங்க." ஒரு படிவம் நீட்டப்படும். 'இங்க கையெழுத்துப் போடுங்க.' பார்வை சரியாகத் தெரியாதவரிடம் பொடி எழுத்தில் ஒரு படிவம்!

இது மரியாதைப் பிரச்னை மட்டும் இல்லை, சட்டப் பிரச்னை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நோயாளியின் சம்மதம் உண்மையான சம்மதமாக இருக்க வேண்டும். சிகிச்சை என்ன, எதற்காக, என்ன பலன், வேறு என்ன வழிகள், கணிசமான ஆபத்துகள் என்ன, மறுத்தால் என்ன ஆகும், இவ்வளவும் சொல்லியாக வேண்டும். அபூர்வமான ஆபத்தையெல்லாம் பட்டியல் போட்டுப் பயமுறுத்தத் தேவையில்லை என்றும் சொன்னது. நியாயமான தீர்ப்பு. அந்தப் பட்டியலின் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். 'மறுத்தால் என்ன ஆகும்?' செய்தால் வரும் ஆபத்தைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு தப்போ, செய்யாவிட்டால் வரும் ஆபத்தைச் சொல்லாமல் இருப்பதும் அவ்வளவு தப்பு.

நேரம் இல்லை என்பது சாக்கு. டாக்டரே உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்பதில்லை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆலோசகர்களாக உட்கார வைத்து, நோயாளியின் பாஷையில் பேச வைக்கும் முறை மதுரையிலேயே அரவிந்தில் இருக்கிறது. கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகள் அங்கிருந்து எத்தனையோ காப்பியடிக்கின்றன. இதையும் அடிக்கட்டுமே.

அரசாங்கமும் தப்பிக்க முடியாது. தேசிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் ஆரம்பித்ததும் 1976-ல்தான். வெகுகாலம் அதன் மூச்சு முழுக்கக் கண்புரை. தப்பில்லை, அப்போது அதுதான் பெரிய எதிரி. ஆனால் எண்ணிக்கை என்பது ஒரு போதை. 'இந்த முகாமில் இத்தனை ஆபரேஷன்' என்று பேனர் கட்டலாம். அமைச்சர் வந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். 'இத்தனை பேருக்குப் பார்வை போகாமல் இருந்தது' என்று எப்படி பேனர் கட்டுவது? நடக்காத விபத்துக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? முகாமில் டார்ச் அடித்துப் புரையைப் பார்த்துவிடலாம். க்ளாக்கோமாவுக்கு அழுத்தம் அளக்க வேண்டும், நரம்பைப் பார்க்க வேண்டும், பார்வைப் பரப்பை அளக்க வேண்டும். அழுத்தம் நார்மலாக இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு. இதற்கெல்லாம் நேரமும் கருவியும் ஆளும் வேண்டும். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியைத் தாண்டி, தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் அவை வேண்டும்.

கடைசியாக நம் ஆட்கள். பத்திரிகை, டி.வி. காலையில் ஸ்லாட் வாங்கி உட்கார்ந்துகொண்டு, 'ஆபரேஷன் இல்லாமல் கண் பிரஷரைக் குணப்படுத்துகிறோம்' என்று பேசுகிறவர்கள். 1954-லேயே நம் நாட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது, மாயாஜால மருந்து விளம்பரத் தடைச் சட்டம். குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத வியாதிகள் என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. குருட்டுத்தன்மை, கண்புரை, க்ளாக்கோமா மூன்றுமே அதில் இருக்கின்றன. விளம்பரக் காசு வாங்கும்போது யார் சட்டம் படிக்கிறார்கள்? அந்தக் காசில் எத்தனை பேரின் நரம்பு அறுந்தது என்று எந்தச் சேனலும் டி.ஆர்.பி. எடுத்ததில்லை. கூடவே மெடிக்கல் ஷாப் அண்ணாச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. கண் அரிப்பு, சிவப்பு என்று வருகிறவர்களுக்குச் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். மாதக்கணக்கில் அதைப் போட்டால் க்ளாக்கோமாவே வரலாம். சின்னப் பையன்களுக்கும்தான்.

*

"எல்லாரையும் திட்டியாச்சு. நீ என்ன சொல்றே, ஆபரேஷன் பண்ணலாமா, வேணாமா?" என்று கேட்கிறீர்கள்.

மருந்தும் லேசரும் கட்டுப்படுத்துகிறது, நரம்பு நிலையாக இருக்கிறது என்றால் கத்தியின் பக்கமே போகாதீர்கள். கட்டுப்படவில்லை, அல்லது மருந்தை உங்களால் தொடர முடியவில்லை, அல்லது ஏற்கெனவே முற்றிவிட்டது, இன்னும் பல வருஷம் வாழ வேண்டியிருக்கிறது என்றால், பயத்தில் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து. ஒற்றைக் கண்காரர் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுப்பதில் தப்பில்லை. ஆனால் 'கேட்கிறேன், கேட்கிறேன்' என்று ஒரு வருஷம் ஓட்டக் கூடாது. வருஷக் கணக்கில் கலந்தாலோசிக்க இது பெண் பார்க்கும் படலம் இல்லை.

டாக்டர் முன்னால் உட்காரும்போது ஐந்து கேள்வி கேளுங்கள். எனக்கு நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? என் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும், இப்போது எவ்வளவு? ஆபரேஷன் செய்யாவிட்டால் அஞ்சு வருஷத்தில் என் கண் எப்படி இருக்கும்? செய்தால் இந்தக் கண்ணுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து எது? பிறகு எத்தனை தடவை வர வேண்டும், எந்த அறிகுறிக்கு அன்றைக்கே ஓடி வர வேண்டும்? ஐந்துக்கும் தமிழில், உங்களுக்குப் புரிகிற தமிழில், பதில் வாங்குங்கள். பார்வைப் பரப்புப் பரிசோதனையின் காகிதத்தைக் கையோடு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அதுதான் உங்கள் கண்ணின் பாஸ்புக். பாக்கி எவ்வளவு என்று அதில்தான் தெரியும்.

உங்களுக்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய்ச் சோதித்துவிடுங்கள். இது குடும்பத்தில் ஓடும் வியாதி. சொத்தைப் பிரிக்கும்போது மட்டும் ஒன்றாக உட்கார்ந்தால் போதாது.

டாக்டர்களுக்கு ஒரே வேண்டுகோள். கையெழுத்து வாங்குமுன் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள். பத்து விநாடி ஆகாது. அதைச் சொன்னால் சிலர் எழுந்து போய்விடுவார்கள், உண்மைதான். ஆனால் சொல்லாமல் படுக்க வைத்த ஒருவர் ஊருக்குத் திரும்பி, 'இருந்ததையும் கெடுத்துட்டாய்ங்க' என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்லும்போது, ஆபரேஷன் தேவைப்படும் இன்னும் பத்துப் பேர் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் போகிறார்கள். அந்தப் பத்துப் பேரும் குருடாவது கத்தியால் இல்லை, சொல்லாமல் விட்ட வாக்கியத்தால்.